எப்பிங் ஓங்கர் ரயில்வே: டியூப் கைவிட்ட தடத்தில் ஒரு பயணம்

டியூப் எனப்படும் லண்டன் நிலத்தடி ரயிலின் சென்ட்ரல் லைன் தடத்தில் வடகிழக்கே போகிறவர்களுக்கு இன்று எப்பிங்தான் கடைசி நிலையம். 1994 செப்டம்பர் 30 வரை அப்படி இல்லை. எப்பிங்கைத் தாண்டியும் தடம் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே ஏறத்தாழ 10 கி.மீ. ஓடி, நார்த் வீல்டைக் கடந்து, ஓங்கர் என்னும் சிற்றூரில் முடிந்தது. மத்திய லண்டனில் ஆல்ட்விச் நிலையத்தை மூடிய அதே நாளில் இந்தத் தடத்தையும் மூடினார்கள். ஆல்ட்விச் பற்றி எழுதாதவர் இல்லை. ஓங்கரை நினைப்பவர்கள் குறைவு. மூடிய அந்தத் தடத்தில்தான் எப்பிங் ஓங்கர் ரயில்வே என்ற பெயரில் இப்போது தன்னார்வலர்கள் நீராவி ரயில்களையும் பழைய டீசல் ரயில்களையும் ஓட்டி வருகிறார்கள்.

போகும் முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால், பார்ப்பது வெறும் பொம்மை ரயிலாகத் தோன்றாது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே 1865-இல் இத்தடத்தைத் திறந்தது. 1949-இல் எப்பிங் வரை டியூப் ரயில் வந்தபோது ஓங்கர் கிளையும் லண்டன் போக்குவரத்தின் பொறுப்பில் வந்தது. ஆனால் மின்சாரம் வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1957 நவம்பர் வரை நீராவி வண்டிதான் எப்பிங்குக்கும் ஓங்கருக்கும் இடையே போய் வந்தது. மின்சாரம் வந்த பிறகும், நான்கு பெட்டிகளுக்கு மேல் இழுக்கப் போதாத அளவுக்கே மின்வழங்கல் இருந்தது. தடத்தையொட்டிப் புறநகர்க் குடியிருப்புகள் வளரும் என்ற எதிர்பார்ப்பு, லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் வகுத்துக் கட்டடங்களைத் தடுத்த கொள்கையால் பொய்த்துப்போனது. நகரம் வராத இடத்தில் நகர ரயில் எப்படிப் பிழைக்கும்? வயல் நடுவே இருந்த பிளேக் ஹால் நிலையத்தை 1981-இல் மூடினார்கள். பின்னர் எஞ்சிய நிலையங்களுக்கும் காலை, மாலை நெரிசல் நேரங்களில் மட்டும் வண்டி விட்டு, இறுதியில் அதையும் நிறுத்தினார்கள்.

சேவைக்கு வருவோம். எப்பிங் நிலையத்தில் இறங்கியதும் ரயிலில் ஏறிவிடலாம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். பாரம்பரிய ரயில் எப்பிங் நடைமேடைக்கு வருவதில்லை. அதற்குச் சற்று முன்னரே கூப்பர்சேல் அருகே மரங்களுக்கிடையில் நின்று, பயணிகள் எவரும் இறங்க இடமில்லாமல், அப்படியே திரும்பிவிடுகிறது. எப்பிங்கில் உள்ள தடங்கள் டியூப் ரயில்களுக்கே தேவைப்படுவதால் இந்த நிலை. இடைவெளியை இட்டு நிரப்ப, இயக்க நாட்களில் 339 என்ற எண்ணிட்ட பழைய லண்டன் பேருந்து ஒன்றை விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பேருந்தே பாதிக் கொண்டாட்டம். நம்மவர்கள் பலர் வசிக்கும் கேன்ட்ஸ் ஹில், நியூபரி பார்க் பக்கத்திலிருந்து வருவோர் ஹெய்னால்ட் வழியாகச் சுற்றாமல், லேட்டன்ஸ்டோன் வரை திரும்பி வந்து எப்பிங் வண்டி மாறுவது நல்லது.

நார்த் வீல்டில் அவசரப்படக் கூடாது. இரண்டு நடைமேடைகளுக்கும் அருகே 1888-இல் கட்டிய சிக்னல் அறை நிற்கிறது. வண்டி வரும் நேரத்தில் அதன் பக்கமாக நின்று கவனித்தால், முதலில் உள்ளே நெம்புகோல் இழுபடும் ஓசை கேட்கும். அடுத்து நிலத்தை ஒட்டிச் செல்லும் கம்பி விறைத்து அதிரும். அதன் பிறகுதான் தொலைவில் கைகாட்டி அசையும். இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள சிறு தாமதத்தைப் பார்த்தபோதுதான், மனிதக் கையின் வலு கம்பி வழியே அவ்வளவு தூரம் போகிறது என்பது எனக்கு உறைத்தது. ஒற்றைத் தடம் என்பதால், அந்தத் தடத்தில் போக அனுமதி என்பதற்கு அடையாளமான டோக்கனை வாங்காமல் ஓட்டுநர் புறப்பட முடியாது. நம் ஊர்க் கிளைத் தடங்களில் இதே டோக்கனை வளையத்தில் வைத்துக் கைமாற்றுவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நார்த் வீல்டுக்கும் ஓங்கருக்கும் இடையே பிளேக் ஹால் நிலையக் கட்டடம் தெரியும். இப்போது அது தனியார் வீடு, வண்டி நிற்காது. எந்தப் பக்கம் என்று பெட்டியில் உள்ள தன்னார்வலரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓங்கர் நிலையம்தான் இப்பயணத்தின் சிறப்பு. 1865-ஆம் ஆண்டுச் செங்கல் கட்டடத்தை நீராவிக் காலத்துத் தோற்றத்துக்கு மீட்டிருக்கிறார்கள். வேலையில் பொறுமையும் அக்கறையும் தெரிகின்றன. ஆயினும் நான் பார்க்க விரும்பியது வேறு. லண்டன் நிலத்தடி ரயில் வலையமைப்பின் தூரங்கள் எல்லாம் இன்றும் ஓங்கரிலிருந்தே அளக்கப்படுகின்றன; டியூப் வண்டியே எட்டிப் பார்க்காத இந்த ஊர்தான் கணக்கில் சுழியக் கிலோமீட்டர். தடத்தின் முடிவில் அதைக் குறிக்கும் சிறு பலகையைப் பலர் கவனிக்காமலே தேநீர்க் கடைக்கு நடந்துவிடுகிறார்கள்.

குறை என்று சொன்னால் அதுவும் இதனோடு சேர்ந்ததே. நீராவிக் காலத்தை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டும் இடத்தில், 1957 முதல் 1994 வரை மின்சார டியூப் ஓடிய முப்பத்தேழு ஆண்டுகள் ஏறக்குறைய மறைந்துபோயிருக்கின்றன. மின்தண்டவாளங்கள் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் வெறிச்சோடிய நான்கு பெட்டிகளில் ஏறிப்போன நடைமேடை இது என்று ஒரு சாதாரண இயக்க நாளில் வரும் பயணிக்குத் தோன்றவே தோன்றாது. புகை விடும் இன்ஜினுக்குத்தான் கூட்டம் வரும், அந்த வருவாயில்தான் தடமும் பிழைக்கும் என்பது புரிகிறது. இருந்தாலும், மூடப்பட்ட டியூப் நிலையத்தைக் காணும் ஆவலில் வருகிறவர், மூடப்பட்டதற்கும் முந்தைய ஒரு காலத்தையே பார்த்துத் திரும்புகிறார்.

சீட்டு நாள் முழுவதற்குமானது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். லண்டன் போக்குவரத்துக்கான ஓய்ஸ்டர் கட்டண அட்டை எப்பிங்கோடு முடிந்துவிடும், இங்கே செல்லாது. பெரும்பாலும் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும்தான் வண்டி ஓடுகிறது. நீராவியா டீசலா என்பதும் நாளுக்கு நாள் மாறும். எனவே இணையதளத்தில் அன்றைய அட்டவணையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். கூப்பர்சேல் வரை போய்த் திரும்பும் பகுதியை, நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக ஓங்கரில் இறங்கி, நடைதூரத்தில் உள்ள கிரீன்ஸ்டெட் தேவாலயத்தைப் பார்த்து வரலாம். பிளந்த ஓக் மரத் தண்டுகளை நிறுத்திக் கட்டிய அதன் சுவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. மழை பெய்த மறுநாள் வயல்வழி சேறாக இருக்கும். அதற்கேற்ற காலணி அணிந்து செல்லுங்கள்.