பழைய பெர்ட்ரம் படகும் இரண்டு கம்மின்ஸ் டீசல்களும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கம்பெனி டீசல் எஞ்சின் நல்லது என்பதுதான். கம்பெனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடல்நீர் அந்த எஞ்சினுக்குள் எங்கே நுழைகிறது, எதையெல்லாம் தொட்டுக்கொண்டு போகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன். படகு டீசல்களில் வார்ப்பிரும்பு தேய்ந்து செத்தவை குறைவு. உப்பு தின்று செத்தவையும் அதிகச் சுமையில் வெந்து செத்தவையுமே அதிகம்.

ஃபுளோரிடாவின் பாம் பீச் பக்கம் நானும் ஒரு தூத்துக்குடிக்கார நண்பரும் சேர்ந்து வைத்திருப்பது 31 அடி பெர்ட்ரம். 1960-ல் மியாமி–நாசாவ் பந்தயத்தை மோப்பி என்ற மரப்படகு கொந்தளிக்கும் கடலில் வென்றது. ரே ஹன்ட் வடிவமைத்த அந்த ஆழமான வி வடிவ அடிப்பாகத்தைத்தான் ரிச்சர்ட் பெர்ட்ரம் கண்ணாடியிழையில் வார்த்து விற்றார். அடிப்பாகம் இன்றும் கல்லுப்போல இருக்கிறது. இந்த வகைப் படகுகளில் பெரும்பாலானவை பெட்ரோல் எஞ்சினோடு பிறந்தவை. பின்னால் வந்த உரிமையாளர்கள் டீசலுக்கு மாற்றினார்கள். எங்கள் படகிலும் அப்படித்தான், முந்தைய உரிமையாளர் ஒருவர் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 6பிடிஏ எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியிருந்தார். ஒவ்வொன்றும் 315 குதிரைத்திறன். வாங்கிப் பத்தாண்டுகள் ஆகப்போகின்றன.

வாங்குவதற்கு முன் மற்ற எஞ்சின்கள் உள்ள படகுகளையும் அலசினோம். 1980-களின் பெரிய மீன்பிடிப் படகுகளில் டெட்ராய்ட் டீசல்தான் ராஜா. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெயரில் உள்ள 71, 92 என்பவை ஒரு சிலிண்டரின் கன அங்குலக் கொள்ளளவு. 71 வரிசை 1938-லிருந்து வருவது. சத்தமும் எண்ணெய்க் கசிவும் அதன் கூடப் பிறந்தவை. மல்டிகிரேடு எண்ணெய் ஆகாது. தனி 40 கிரேடுதான் ஊற்ற வேண்டும். ஆனால் சிலிண்டர் லைனரை, அதாவது சிலிண்டரின் உட்சுவராக இருக்கும் உறையை, கழற்றி மாற்றலாம். எஞ்சினைப் படகிலிருந்து தூக்காமலே ஓவர்ஹால் செய்யலாம். அதிகக் குதிரைத்திறனுக்கு முறுக்கிவிட்ட 92 வரிசை எஞ்சின்களுக்கு அந்த ஓவர்ஹால் சீக்கிரமே வந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கேட்டர்பில்லர் 3208, 10.4 லிட்டர் வி8. இதைத் தூக்கியெறியும் எஞ்சின் என்று படகுத்துறைகளில் ஏளனமாகப் பேசுவார்கள். லைனர் கிடையாது, சிலிண்டர் நேராக பிளாக்கிலேயே, அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலிலேயே குடையப்பட்டது என்பது காரணம். இந்த ஏளனம் எனக்கு ஒப்பாது. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் கம்மின்ஸ் 5.9-க்கும்தான் லைனர் கிடையாது. அளவான சக்தியில் ஓடிய 3208 நீண்ட காலம் உழைக்கும்.

எங்கள் 6பிடிஏ சேர்ந்த கம்மின்ஸ் பி வரிசை 1989-லிருந்து டாட்ஜ் ராம் பிக்அப் லாரிகளில் வந்த அதே எஞ்சின். நண்பருக்கு அதுவே பெரிய கவர்ச்சி. ஊரில் விசைப்படகுகளில் லேலண்டு எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "லாரி எஞ்சின்தானே அண்ணா, உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்குமே?" என்றார். பாதி உண்மை. பிஸ்டன், வால்வு, கேஸ்கட், ஃபில்டர் எல்லாம் எளிதாகவே கிடைக்கின்றன. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எங்கள் பணத்தைத் தின்றவற்றில் லாரியில் உள்ள பாகம் ஒன்றுகூட இல்லை: ஆஃப்டர்கூலர், கடல்நீரைக் கொண்டு கூலன்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல்நீர் பம்ப், புகைக்குழாயில் தண்ணீர் கலக்கும் எல்போ. லாரிக்கு ரேடியேட்டர் போதும். கடலுக்காக மாட்டப்பட்டவை தனிச் சரக்கு, தனி விலை.

இவற்றில் ஆஃப்டர்கூலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்க, எஞ்சினின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பெட்டி இருக்கும். உள்ளே செம்பு-நிக்கல் குழாய்க்கற்றை. குழாய்க்குள் கடல்நீர், வெளியே காற்று. பெட்டி அலுமினியம், மூடி வெண்கலம். வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். ஓ-ரிங் வழியாகக் கசியும் நீர் நேரே சிலிண்டருக்குள் போகும். எஞ்சின் மூச்சு விடுகிற வழியிலேயே கடல் உட்கார்ந்திருக்கிறது. முந்தையவர் அதைத் திறந்ததே இல்லை என்பது முதல்முறை கழற்றியபோது தெரிந்தது. மூடியைத் தட்டித் தட்டித்தான் பிரிக்க முடிந்தது, உள்ளே சுண்ணாம்பு அப்பியது போல உப்பு. குழாய்க்கற்றை நல்லவேளையாகத் தப்பியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டையும் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துத்தான் மாட்டுகிறோம்.

இதிலே ஒரு வேடிக்கை. இந்த எஞ்சினில் ஆஃப்டர்கூலரும் எரிபொருள் பம்ப்பும் இடது பக்கம். வலது எஞ்சினில் அவை படகின் நடுவாட்டம் வருவதால் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். இடது எஞ்சினில் அவை படகின் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கும். வயிற்றை எஞ்சின் மேல் வைத்துக் குப்புறப் படுத்து, கண்ணாடி பிடித்து, விரல் நுனியால் போல்ட்டைத் தேட வேண்டும். அதனால் எந்தப் படகிலும் இடது எஞ்சினின் வெளிப்பக்கத்தில்தான் சோம்பல் படிந்திருக்கும். வாங்கப் போகும்போது டார்ச்சோடு அங்கே தலையை விடுங்கள். பெயின்ட் பளபளப்பை முன்பக்கத்திலிருந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

அடுத்தது புரொப்பெல்லர். 315 குதிரைத்திறன் எஞ்சினுக்கு வரையறுத்த வேகம் நிமிடத்துக்கு 2800 சுற்று. டாங்க் நிறைய எரிபொருள், ஐஸ், ஆட்கள் எல்லாம் ஏற்றி முழு விசை கொடுத்தால் 2800-ஐச் சற்றே தாண்ட வேண்டும். 2600-லேயே முட்டி நின்றால் பெரிய புரொப்பெல்லர் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த எஞ்சின் எல்லா வேகத்திலும் அளவுக்கு மீறிச் சுமந்தே வாழ்ந்திருக்கிறது. விற்பவர்கள் இதை ஒரு சிறப்பாகச் சொல்வார்கள், குறைந்த சுற்றிலேயே நல்ல வேகம் போகிறது பாருங்கள் என்று. நாங்கள் 2200 சுற்றில், மணிக்கு 20 கடல்மைலுக்குக் கொஞ்சம் மேலே ஓட்டுகிறோம். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கேலன். ஒரு கேலன் டீசல் ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 20 குதிரைத்திறன் தரும் என்ற கணக்கில் பார்த்தால், ஆளுக்கு 150 குதிரைத்திறன். இருக்கும் சக்தியில் பாதியைத் தொடாத இந்த ஓட்டம்தான் எங்கள் எஞ்சின்களின் ஆயுள் ரகசியம். கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டம் இங்கே கரைக்கு மிக அருகில் ஓடுகிறது; மயில் மீனுக்காக அவசரமாகப் பறக்க வேண்டிய தேவையே இல்லை.

சோதனை ஓட்டத்துக்குப் போனால் எஞ்சின் குளிர்ந்து கிடக்க வேண்டும். பிளாக்கில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிரில் கிளம்பும்போது வரும் வெள்ளைப் புகை சூடானதும் மறைய வேண்டும். நீலம் எண்ணெய் எரிவது, கருப்பு அதிகச் சுமையோ காற்றுப் பற்றாக்குறையோ. புகைக்குழாய் எல்போவைக் கழற்ற அனுமதி வாங்கி டர்போவின் சக்கரத்தைப் பாருங்கள், துரு இருந்தால் நீர் பின்னேறியிருக்கிறது. எண்ணெய்ப் பரிசோதனையில் சோடியம் ஏறியிருந்தால் கடல்நீரோ கூலன்டோ கலந்திருக்கிறது. நேற்று மாற்றிய எண்ணெயைச் சோதிப்பதில் பயனில்லை. படகின் உடலைப் பார்க்கும் சர்வேயர் வேறு, எஞ்சின் பார்ப்பவர் வேறு. இரண்டு பேருக்கும் பணம் கொடுங்கள்.

மணிக்கணக்கு குறைவு என்ற விளம்பரம் என்னை ஈர்ப்பதில்லை. இருபது முப்பது வயதான எஞ்சின் சில நூறு மணி நேரமே ஓடியிருந்தால் மீதிக் காலமெல்லாம் உப்புக்காற்றில் சும்மா கிடந்திருக்கிறது. ரசீதுகளோடு அதைப்போல் பலமடங்கு மணி ஓடிய எஞ்சினுக்கு நான் கூடுதல் விலையே தருவேன்.

இதே எஞ்சினை மீண்டும் வாங்குவேனா என்றால், 35 அடிக்குள் உள்ள படகுக்கு யோசிக்காமல் வாங்குவேன். அதைவிடக் கனமான படகில் இதைக் கசக்கிப் பிழிவதைவிட, லைனர் மாற்றக்கூடிய 8.3 லிட்டர் சி வரிசையைத் தேடுவேன். எதுவானாலும் ஆஃப்டர்கூலர், எல்போ, பம்ப் மூன்றையும் இரண்டு எஞ்சினுக்கும் புதிதாகப் போடும் செலவை, கழற்றிய ரசீதைக் காட்டாதவரிடம், கேட்கும் விலையிலிருந்து அப்படியே கழித்துத்தான் பேச்சைத் தொடங்குவேன்.