திரை சிதறினால் முதலில் கேபிளா, டிரைவரா?

திரையில் கோடு விழுந்தாலும் புள்ளி மினுக்கினாலும் பலரும் முதலில் கைவைப்பது டிரைவரில்தான், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில். என் ஓட்டு கணினியையும் திரையையும் இணைக்கும் கேபிளுக்கு. இரண்டு நிமிட வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடப் பெரிய காரணம், கேபிளை மாற்றும்போது வேறெதுவும் மாறுவதில்லை.

டிரைவரை நீக்கினால் அப்படி இல்லை. விண்டோஸ் தன் அடிப்படை டிரைவருக்குப் போய்விடும். 144 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பித்தபடி ஓடிய திரை பெரும்பாலும் 60-க்கு இறங்கும். கேபிளில் ஓடும் தரவு பாதிக்கும் கீழே. அந்தச் சுமையை நொண்டிக் கேபிளும் தாங்கிவிடும், படம் பளிச்சென்று வரும். ‘டிரைவர்தான் கோளாறு’ என்று முடிவுகட்டி, புதியதைப் போட்டு 144-க்கு ஏற்றியதும் மினுக்கல் மறுபடி ஆஜர். பாவம், அந்தப் புது டிரைவருக்கும் திட்டு.

மாற்றுக் கேபிளில் சரியானால் அதோடு நிறுத்த வேண்டாம். பழையதைத் திரும்பச் செருகுங்கள். கோளாறு திரும்பினால் கேபிள்தான். திரும்பாவிட்டால் முனை சரியாக உட்காராமல் இருந்திருக்கும். மாற்றுக் கேபிள் கையில் இல்லையென்றால் டிரைவரைத் தொடாமல் ஹெர்ட்ஸை மட்டும் இறக்கிப் பாருங்கள். மினுக்கல் நின்றால் கேபிள் மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் அதுவே தீர்ப்பாகாது, கார்டின் போர்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். 4கே திரையை முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸில் ஓட்ட, எச்.டி.எம்.ஐ. கேபிள் விநாடிக்கு 18 ஜிகாபிட் தாங்க வேண்டும். பழைய ‘ஹை ஸ்பீட்’ வகைக்கு உத்தரவாதம் 10.2 வரைதான். பழைய வகையான வி.ஜி.ஏ. கேபிளில் படம் முழுக்க மஞ்சளடித்தால் நீலம் வரவில்லை என்று பொருள். 3-ஆம் பின் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

டிரைவருக்கும் முறை வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலும் சிதறல் பதிந்திருந்தால் கேபிளையும் மானிட்டரையும் விட்டுவிடலாம். கோளாறு டிரைவரிலோ கார்டிலோ. விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையும் சிதறினால் டிரைவர் தப்பித்தது, அது அப்போது ஏறியிருக்கவே இல்லை.

டிரைவர்தான் என்றானபின் முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் ரீசெட் ஆகும். கேட்கவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’, அதாவது முந்தைய டிரைவருக்கே திரும்புவது. சேஃப் மோடில் போய் அடியோடு துடைப்பது அதற்கும் பிறகுதான்.

மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்க்கும்போது அதன் குறுக்கேயும் கோடு ஓடுகிறதா? அப்படியானால் இந்தப் போட்டியே வேண்டாம், கோளாறு மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது.