‘அந்த ஜாப் எங்கே?’ – பட்டறை நிர்வாக மென்பொருளோடு 16 மாதங்கள்

வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி காலை எட்டே முக்காலுக்கு அழைத்து, “எங்கள் ஜாப் எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்; ஜாப் என்றால் அவர்கள் எங்களிடம் கொடுத்த வேலை. சென்ற ஆண்டு வரை இதற்கு ஒரே வழிதான். பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து பட்டறைக்குள் இறங்குவேன். வெள்ளைப் பலகையைப் பார்ப்பேன். அதில் எழுதியிருப்பது முந்தாநாள் நிலவரமாக இருக்கும். தட்டுகளைப் புரட்டி, கூலன்டில், அதாவது வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவத்தில், ஊறிய ஜாப் கார்டுகளைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் மூத்த ஊழியர் ஜோகூர் அங்கிளிடம் போய் நிற்பேன். அவர் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “அனோடைசிங்குக்குப் போய்விட்டது, வியாழக்கிழமை வரும்” என்று, அலுமினியத்தில் பாதுகாப்புப் படலம் ஏற்றும் வேலையைச் சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் வம்பு.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு சிறு பட்டறை. அலுவலகத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். கணினி இயக்கும் 5 சிஎன்சி மில்லிங் இயந்திரங்கள், 2 சிஎன்சி லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்), யாரும் அதிகம் தொடாத ஒரு கைக்கடைசல், 13 பேர். செமிகண்டக்டர் சாதனங்களுக்கு வேண்டிய அலுமினிய மூடிகள், எஃகுப் பிடிப்பான்கள், டெல்ரின் பிளாஸ்டிக் துண்டுகள் ஆகியவற்றை 6, 12, 20 என்ற எண்ணிக்கையில் செய்து தருகிறோம். ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலை அல்ல. கடைக்கும் கிடங்குக்கும் எழுதப்பட்ட மென்பொருள் எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். எங்களிடம் சரக்கு இருப்பு என்று ஒன்றும் கிடையாது. பாதி வெட்டிய வேலைகள்தான் இருக்கும்.

இங்கே நான் எழுதுவது அமெரிக்காவிலிருந்து வரும், மாதச் சந்தா கட்டும், இணையவழிப் பட்டறை நிர்வாக மென்பொருள் ஒன்றைப் பற்றி. குறை சொல்லும் இடங்கள் நிறைய வருவதால் பெயரைச் சொல்லவில்லை. விலைப்புள்ளி, ஜாப் கார்டு, கால அட்டவணை, பார்கோடு நேரப்பதிவு, பரிசோதனைப் பதிவு, டெலிவரி ஆர்டர், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோக்கும் இந்த வகை மென்பொருள்கள் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் விற்பனையாளர் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்தாலும் இது உதவும்.

எங்கள் தௌக்கே, அதாவது முதலாளி, முதலில் கேட்டது, “மானியம் உண்டா?” அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் இப்போது தகுதிபெறும் செலவில் அதிகபட்சம் 50 விழுக்காடு வரை தருகிறது. ஆனால் அது முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ள தீர்வுகளுக்குத்தான். பணத்தை முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகுதான் திரும்பப் பெறலாம். விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ வாய்ப்பு போய்விடும். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள். பட்டியலில் இருந்த இரண்டைப் பார்த்தோம். கணக்கு வழக்குக்கு இரண்டுமே நல்லவை. ஒரு வேலையை எட்டுப் படிகளாகப் பிரித்து, ஐந்தாவது படி வெளி ஆளிடம் நடக்கிறது என்று சொன்னால் இரண்டுமே விழித்தன. தௌக்கே இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டு மானியம் இல்லாததையே எடுத்தார். சந்தா, பழைய தரவை ஏற்றுவது, இரண்டு நாள் பயிற்சி, ஸ்கேனர்கள் எல்லாம் சேர்ந்து முதல் ஆண்டுச் செலவு ஒரு வெளிநாட்டு ஊழியரின் ஓராண்டுச் சம்பளமும் அவருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையும் சேர்ந்த தொகையைவிடச் சற்றுக் குறைவு. உற்பத்தித் துறையில் வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் ஆகியவற்றில் வரும் வெளிநாட்டு ஊழியர்கள் சேர்ந்து மொத்த ஊழியர்களில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு அந்த வரம்பு நிரம்பியிருந்தது. ஆள் சேர்த்து வளரும் வழி அடைபட்ட பிறகுதான் தௌக்கேக்கு மென்பொருள் மேல் காதல் வந்தது என்பதே உண்மை.

விற்பனையாளர் ஒரு மணி நேரம் காட்டியது கால அட்டவணைப் பலகையை. இயந்திரத்துக்கு ஒரு வரி, வேலைக்கு ஒரு வண்ணக் கட்டம்; சுட்டியால் இழுத்துப் போட்டால் மற்றதெல்லாம் தானாக நகர்ந்துகொள்ளும். பார்க்கக் கோலம் போட்டதுபோல் இருக்கும். மூன்று வாரம் உண்மையாகவே முயன்றேன். காலை 9 மணிக்கு அடுக்கி முடித்தால் 10 மணிக்கு ஒரு அவசர வேலை வரும்; 11 மணிக்கு ஒரு எண்ட்மில் வெட்டுக்கருவி உடையும்; மதியம் பொருள் வராது. பலகையைத் திருத்துவதே தனி வேலையாகிவிட்டது. இப்போது அதைத் திறப்பதே இல்லை. எந்த வேலை எந்த நாளில் போக வேண்டும் என்ற எளிய பட்டியல் மட்டும் தொலைக்காட்சித் திரையில் ஓடுகிறது. எங்களுக்கு அது போதும்.

பயன்பட்டது, விற்பனையாளர் இரண்டு நிமிடத்தில் கடந்துபோன ஒன்று: மதிப்பிட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அறிக்கை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 6061 என்ற வகை அலுமினியத்தில் ஒரு மூடி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 12 உருப்படி. நான்கு ஆண்டுகளாக வரும் வேலை. இயந்திரத்தை ஆயத்தம் செய்ய 1 மணி நேரம், ஓர் உருப்படிக்கு 20 நிமிடம், ஆக 5 மணி நேரம் என்று கணக்கு. மணிக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் 300, பொருளுக்கு 96. உருப்படிக்கு 42 வெள்ளி என்று 504க்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 108 வெள்ளி மிச்சம் என்று நான்கு ஆண்டுகளாக நம்பிக்கொண்டும் இருந்தோம். நேரப்பதிவு தொடங்கிய பிறகு வந்த முதல் ஆர்டரில் ஆயத்தத்துக்கே 3 மணி நேரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் துண்டைப் பிடிக்கும் தாடையைப் புதிதாக வெட்டி, டயல் அளவி வைத்து நேர்பார்த்திருக்கிறார்கள். ஓர் உருப்படிக்கு 26 நிமிடம். மொத்தம் 8 மணி 12 நிமிடம், 492 வெள்ளி. பொருளையும் சேர்த்தால் 588. ஒவ்வொரு ஆர்டருக்கும் 84 வெள்ளியைக் கையிலிருந்து கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்!

தௌக்கே அந்தத் தாளை அச்செடுத்து இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஜோகூர் அங்கிள் அந்த மூடிக்கென்றே ஒரு தாடை வெட்டி, எண் குத்தி அலமாரியில் வைத்தார். அந்த எண்ணை ஜாப் கார்டில் ஏற்றினேன். அடுத்த முறை ஆயத்தம் 50 நிமிடத்தில் முடிந்தது. விலையையும் 42லிருந்து 47 ஆக்கிக் கேட்டோம். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

நேரப்பதிவு எளிதாக வந்துவிடவில்லை. முதலில் இயந்திரத்துக்கு ஒரு டேப்லெட் மாட்டினார்கள். கூலன்ட் படிந்த விரலுக்குத் தொடுதிரை அசையாது. கையுறையோடு தொட்டால் வேறு எதுவோ திறக்கும். திரை முழுக்க ஆங்கிலம். எங்கள் தளத்தில் தமிழும் மாண்டரினும் வங்காளமும்தான் ஓடும். ஒரே மாதத்தில் டேப்லெட்டுகளைக் கழற்றிவிட்டு, கம்பியுள்ள சாதாரண ஸ்கேனர்களை மாட்டினோம். தொடக்கம், நிறுத்தம், முதல் உருப்படி என்று மூன்று பார்கோடுகளை அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்டு, பச்சை, சிவப்பு, மஞ்சள் வண்ணம் கொடுத்து ஒட்டினேன். படிக்கவே வேண்டாம். ஜாப் கார்டின் வெப்ப அச்சுச் சீட்டு கூலன்ட் பட்டால் இரண்டே நாளில் வெளுத்துவிடுகிறது. ஆகவே லேசரில் அச்சிட்டு உறைக்குள் செருகுங்கள். இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லவில்லை.

ஆனால் ஸ்கேனரைவிட மனம்தான் பெரிய தடை. தினமும் விடியற்காலையில் மலேசியாவின் ஜோகூரிலிருந்து பாலத்தைத் தாண்டி வரும் ஜோகூர் அங்கிளுக்கு 62 வயது. “முப்பது வருடம் வேலை செய்தவனுக்கு நிறுத்தற்கடிகாரமா?” என்று ஸ்கேனரைத் தொடவே மறுத்துவிட்டார். அவர் தொடாததால் மற்றவர்களும் தொடவில்லை. திரையில் வேலைக்கு நேராக ஆளின் பெயரும் நிமிடமும் வந்துகொண்டிருந்தன. எனக்கே அது பள்ளிக்கூடத்து மதிப்பெண் பலகைபோல் உறுத்தியது. தௌக்கேயிடம் சொல்லி அந்தப் பெயர்ப் பத்தியை எடுக்கவைத்தேன். இயந்திர எண் மட்டும் இருந்தால் போதும். அடுத்த வாரமே பதிவுகள் விழ ஆரம்பித்தன.

இனி வசவு. தேதி முதலில். இந்த மென்பொருளின் இயல்பான அமைப்பில் மாதம் முன்னால், நாள் பின்னால். மே 9ஆம் தேதி தர வேண்டிய ஒரு வேலையை வழக்கம்போல் 09/05 என்று அடித்தேன். அது செப்டம்பர் 5 என்று எடுத்துக்கொண்டு, வேலையைப் பட்டியலின் அடியில் தள்ளிவிட்டது. மே 12ஆம் தேதி வாடிக்கையாளர் அழைத்தபோதுதான் தெரிந்தது, பொருள்கூட வெட்டியிருக்கவில்லை. அமைப்பில் ஓரிடத்தில் மாற்றினால் சரியாகிவிடும் என்று பிறகு சொன்னார்கள். முதல் நாளே அதைச் சொல்ல அவர்களுக்கு என்ன கஷ்டமோ! பொருள் எடை கணக்கிடும் பகுதியும் அங்குலத்தில்தான் தொடங்குகிறது. மில்லிமீட்டருக்கு மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு அளவிலும் 25.4 மடங்கு வம்பு.

பராமரிப்பு நேரம் அடுத்தது. அவர்கள் ஞாயிறு இரவு 9 மணிக்கு, யாரும் வேலை செய்யாத நேரம் என்று, சேவையை நிறுத்திப் புதுப்பிப்பார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால ஞாயிறு இரவு 9 என்றால் நமக்குத் திங்கட்கிழமை காலை 9. உதவி கேட்டு எழுதினால் பதில் மறுநாள்தான் வரும். அதுவும் நான் கேட்டதையே வேறு சொற்களில் என்னிடம் திருப்பிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே திங்கட்கிழமை ஜாப் கார்டுகளை அச்செடுத்து வைக்கப் பழகிவிட்டேன்.

மின் விலைப்பட்டியலும் ஒரு குறை. 2019 முதல் நடைமுறையில் உள்ள சிங்கப்பூரின் மின் விலைப்பட்டியல் முறையான இன்வாய்ஸ்நவ், பெப்போல் என்ற அனைத்துலகக் கட்டமைப்பில் இயங்குகிறது. இந்த மென்பொருளுக்கு அந்த மொழி தெரியாது. தரவை இறக்கி, கணக்கு மென்பொருளில் ஏற்றி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அங்கிருந்து அனுப்புகிறேன். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இதற்கே போகிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறோம்? சென்ற ஜூனில் தௌக்கே இன்னொரு மில்லிங் இயந்திரம் வாங்கக் கிளம்பினார். விலைப்புள்ளிகூட மேசையில் இருந்தது. அதே வாரம் நேரப்பதிவைத் திரட்டிப் பார்த்தோம். 3ஆம் எண், 5ஆம் எண் இயந்திரங்கள் அதிக நேரம் சும்மா நின்றிருந்தது ‘முதல் உருப்படி’ மஞ்சள் பார்கோடுக்குப் பிறகுதான். முதல் துண்டை அளந்து ஒப்புதல் தரும் ஆள் ஒருவர்தான். அவர் மேசையில் வரிசை நிற்க, இயந்திரங்கள் காத்திருந்தன. இது எங்கள் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும்; ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது.

இயந்திரம் வாங்கவில்லை. லேத்தில் இருந்த புதுக்கோட்டைத் தம்பிக்கு மைக்ரோமீட்டரும் உயரமானியும் கைப்பழக்கம் நன்றாக உண்டு. வரைபடத்தில் உள்ள வடிவத் துல்லியக் குறிகளைப் படிக்க மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து இரண்டாவது பரிசோதகராக உட்கார வைத்தார்கள். சம்பளமும் உயர்ந்தது. “அக்கா, இப்போது என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது” என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அதே ஆட்கள், அதே இயந்திரங்கள்; மாதத்தில் முன்பைவிட ஏழெட்டு வேலைகள் கூடுதலாக வெளியே போகின்றன. எட்டு மாதம் முன்பு அனுப்பிய பொருளுக்கு மூலப்பொருள் சான்றிதழ் கேட்டால், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கோப்புப் பெட்டிகளைக் குடைய வேண்டியதில்லை. ஜாப் எண்ணை அடித்தால் வந்துவிடுகிறது. எட்டே முக்கால் அழைப்புக்கு மாடியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறேன்.

பத்துப் பேருக்குக் குறைவாக, இரண்டு மூன்று வாடிக்கையாளர்களோடு ஓடும் பட்டறைக்கு இது தேவையில்லை. ஒழுங்கான எக்செல் கோப்பும் ஸ்கேனரும் போதும். அடுத்த மாதம் எங்கள் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். அட்டவணைப் பகுதியைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தௌக்கே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைக் காலைகளுக்குத் தள்ளுபடி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.