கமா செய்த வேலை: பெர்ஃபார்மன்ஸ் டேபோடு இத்தனை வருஷம்

குரோம் பிரவுசரில் புரோகிராமர்களுக்கென்று இருக்கும் டெவ்டூல்ஸில், ஒரு பக்கம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ரெக்கார்ட் செய்து காட்டும் பெர்ஃபார்மன்ஸ் டேபை 2017-இலிருந்து பயன்படுத்துகிறேன். டைம்லைன் என்ற பழைய பெயர் போய் இந்தப் பெயர் வந்ததும் அந்த வருஷம்தான். முதல் ஒரு வருஷம் திறப்பேன், ரெக்கார்ட் செய்வேன், மஞ்சளும் ஊதாவுமாகத் தொங்கும் பட்டைகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். புரிந்த மாதிரி மீட்டிங்கில் தலையாட்டியதும் உண்டு.

கைவந்தது ஒரு கோயம்பேட்டுப் புகாரால். எங்கள் பில்லிங் பக்கத்தை அங்கே காய்கறி மொத்த வியாபாரிகள் போனில் வைத்திருக்கிறார்கள். விடியற்காலை லாரி இறங்குகிற நேரத்தில் தேடல் பெட்டியில் ‘கத்’ என்று அடித்தால், எழுத்து தெரிவதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடுகிறது என்றார் ஓர் அண்ணாச்சி. பெருங்குடி ஆபீசில் என் லேப்டாப்பில் அதே பக்கம் பறக்கிறது. சிபியு வேகத்தை 6 மடங்கு குறைத்துப் பார்த்தேன், லேசாகத்தான் திணறியது. சரி என்று அவர் கடைக்கே போய், போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து ரெக்கார்ட் செய்தேன்.

ஒவ்வொரு எழுத்துக்கும் கிட்டத்தட்ட 900 மில்லிசெகண்ட். 50-ஐத் தாண்டினாலே அந்த டேப் சிவப்புக் குறி போட்டுவிடும். வரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவும் தேடல் லூப்தான் காரணம் என்று நான் பந்தயமே கட்டியிருந்தேன். பாட்டம்-அப் பகுதியில் செல்ஃப் டைம்படி, அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனும் (கோடின் ஒரு துண்டு) தானே செலவழித்த நேரப்படி, வரிசைப்படுத்தினால் லூப்புக்கு 9 மில்லிசெகண்ட்தான். அது அழைத்த மற்றவற்றின் நேரத்தையும் சேர்க்கும் டோட்டல் டைமை நம்பினால் இங்கேதான் ஏமாறுவோம்: மேனேஜர் கணக்கில் மொத்த டீமின் நேரமும் ஏறுகிற மாதிரி, மேலே இருக்கிற ஃபங்ஷன்தான் குற்றவாளி போலத் தெரியும்.

முதலிடத்தில் நின்றது ரூபாய்க்குக் கமா போடுகிற எங்கள் குட்டி ஃபங்ஷன். 1,25,000 என்று லட்சக் கணக்கில் காட்ட, உள்ளே டூலோக்கேல்ஸ்ட்ரிங் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி. 600 வரிசை, வரிசைக்கு மூன்று தொகை. ஓர் எழுத்து அடித்தால் 1,800 தடவை அழைப்பு. அதற்குப் பதில், அதே கமா வேலையைச் செய்யும் இன்ட்ல் நம்பர்ஃபார்மேட் பொருளை ஒரே ஒரு முறை உருவாக்கி அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். 900 என்பது 200-க்குக் கிட்டே வந்தது.

மிச்சம் இருந்தது ஊதா, அதாவது லேஅவுட்: திரையில் எது எங்கே, எவ்வளவு பெரிதாக நிற்கும் என்று பிரவுசர் போடும் கணக்கு. ஒரு வரிசையின் உயரத்தைப் படிப்பது, உடனே ஸ்டைலை மாற்றுவது, அடுத்த வரிசையைப் படிப்பது என்று எழுதியிருந்தோம். நாற்காலி ஒன்றை நகர்த்திய ஒவ்வொரு தடவையும் முழு வீட்டையும் அளவு நாடா பிடித்து அளக்கிற கதை. எல்லாவற்றையும் முதலில் படித்து, அப்புறம் மொத்தமாக மாற்றியதும் ஊதா சுருங்கியது. தட்டினால் திரை பதில் சொல்லும் நேரத்தை அளக்கும் ஐஎன்பி 2024 மார்ச்சில், பக்கத்தின் தரத்தை மதிப்பிடும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவீடுகளில் சேர்ந்தது. அதன் நல்ல வரம்பு 200 மில்லிசெகண்ட். இப்போது தைரியமாக அதைப் பார்க்க முடிகிறது.

பழகியதில் வந்த வழக்கங்கள் சில. எக்ஸ்டென்ஷன்கள் குறுக்கிடாத இன்காக்னிட்டோ விண்டோவில்தான் ரெக்கார்ட் செய்வேன். ஒருமுறை ஓர் எக்ஸ்டென்ஷனின் பாவத்தை எங்கள் கோடில் அரை நாள் தேடியிருக்கிறேன். ஐந்து செகண்டுக்கு மேல் ரெக்கார்ட் செய்தால் தேவையானது குவியலில் தொலைந்துபோகும். சுருக்கிய கோடை நாங்கள் எழுதிய மூலத்தோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் இல்லாவிட்டால் ஃபங்ஷன்களெல்லாம் ஓரெழுத்துப் பெயரில் வந்து நிற்கும், யார் எவர் என்றே தெரியாது. ரெக்கார்டிங்கே கொஞ்சம் நேரத்தைத் தின்னும் என்பதால் எண்ணை அப்படியே எடுக்காமல், முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்கிறேன். ரெக்கார்டிங்கை டீமுக்கு லிங்க்காக அனுப்ப, ஃபயர்ஃபாக்ஸின் இதே மாதிரிக் கருவியான ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொபைலர்தான் எனக்கு வசதி.

இந்த டேபால் கண்டுபிடிக்க முடியாத நோயும் உண்டு. அண்ணாச்சி காலையில் திறந்த பக்கத்தை மதியம்வரை மூடுவதில்லை; போகப் போக மந்தமாகிறது. ஐந்து செகண்டில் அது சிக்காது. டெவ்டூல்ஸின் மெமரி டேபில் காலையில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் மெமரியில் என்னென்ன இருக்கிறது என்ற படம்), மதியம் ஒன்று எடுத்து ஒப்பிட ஆரம்பித்திருக்கிறேன். திரையிலிருந்து எப்போதோ நீக்கிய பில் வரிசைகள் இன்னும் மெமரியில் உட்கார்ந்திருக்கின்றன. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.