எண்பது கண்ணிகளைக் கொட்டிய ஊசிப் பெட்டி

குன்னூரில் முப்பது வருடங்களாக ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னிக்கொண்டிருக்கிறேன். அனுபவசாலியும் ஏமாறலாம் என்பதைச் சென்ற மாதம் 2,350 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

முனை மாற்றும் பின்னல் ஊசிப் பெட்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சாண் கூட இல்லாத ஊசி முனைகள் பல பருமன்களில் ஜோடி ஜோடியாக இருக்கும். வளையும் கேபிளின் இரு நுனியிலும் மரை இருக்கும். வேண்டிய முனையைத் திருகி மாட்டிப் பின்னலாம். சால்வையின் கனம் மடியில் கிடக்கும், மணிக்கட்டில் தொங்காது. நீள ஊசியில் பின்னித் தோள்வலி வாங்கியவள் நான். ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

இணையக் கடையில் எட்டு ஜோடி மர முனைகள், நான்கு கேபிள்கள், ஜிப் வைத்த பை. எந்த நாட்டில் செய்தது என்று எங்கும் எழுதவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் பையின் பூப்போட்ட துணியைக் கவனித்தேன்.

மகளுக்காக 280 கண்ணிகள், அதாவது ஊசியில் கோக்கும் நூல் வளையங்கள், ஏற்றி, பூவேலைச் சால்வை ஒன்றைத் தொடங்கினேன். மூன்றாவது வாரம், வரிசையின் நடுவில், வலது முனை கேபிளை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. சுமார் எண்பது கண்ணிகள் கொட்டின. பூவேலையில் கண்ணி நழுவினால் ஏணிபோல் கீழே ஓடும். பிடித்து ஏற்றுவது பெரும்பாடு. கேபிள் நுனித் துளையில் கம்பிச் சாவியைச் செருகி இறுக்காமல் விட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். வெறும் கையால் திருகினால் பின்னப் பின்னத் தளரும் என்பது தெரியும். சாவி போட்டுத்தான் இறுக்கினேன். மரையே மழுங்கிப்போயிருந்தது.

இரண்டாவது கேபிளில் மரை பிடித்தது, பசை பிடிக்கவில்லை. உலோக மூடியிலிருந்து நைலான் இழை உருவிக்கொண்டு வந்தது.

சந்தேகம் வந்து, ஊசி அளக்கும் துளை அட்டையை எடுத்தேன். 4 மி.மீ. என்று அச்சிட்ட ஜோடியில் ஒன்று 4 மி.மீ. துளையில் சரியாக நுழைந்தது. இன்னொன்று நுழையவே இல்லை. ஒரு வரிசை இறுக்கம், மறு வரிசை தளர்வு என்று சால்வையில் கோடு விழுந்தபோது, வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

விற்றவரின் பதில்: “ஏழு நாள் முடிந்துவிட்டது, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, நீங்கள் அதிகமாக இறுக்கியிருப்பீர்கள்.” பிறகு, ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த முறை நூறு ரூபாய் தள்ளுபடி என்று ஒரு செய்தி!

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு, அட்டையில் நுழையாத ஊசியின் படத்தோடு கடைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், முதலில் ஒரே ஒரு ஜோடி முனையும் ஒரு கேபிளும் வாங்கிப் பாருங்கள். பெட்டி வாங்கினால், திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லா முனைகளையும் எல்லாக் கேபிள்களிலும் திருகிப் பாருங்கள். இணைப்பின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் நூலும் தட்டும். ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றின் முனைக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். ஜெர்மனியின் ஆடி கிளிக் (addi Click) என்ற ஊசிப் பெட்டியில் மரையே கிடையாது, அழுத்தித் திருப்பிப் பூட்டுவது. நிட்புரோ (KnitPro) கம்பெனியின் கேபிளில் 80 செ.மீ. என்பது முனைகளும் சேர்ந்த நீளம். கேபிள் மட்டும் 56 செ.மீ.தான். அளவை மி.மீ.யில் மட்டுமே கேளுங்கள். நம் அம்மாக்களின் எட்டாம் நம்பர் ஊசி 4 மி.மீ.; அமெரிக்க எட்டு 5 மி.மீ.

பத்து வரிசைக்கு ஒருமுறை, கண்ணிகளுக்குள் ஒரு வழவழப்பான நூலை ஓட்டி வைப்பது என் பழைய வழக்கம். கண்ணி கொட்டினால் அந்த நூல் வரை பிரித்தால் போதும். சோம்பலில் இந்தச் சால்வைக்கு அதைச் செய்யவில்லை. முழுவதையும் பிரித்துவிட்டேன். பெட்டியை எடுத்துப்போக இதுவரை யாரும் வரவில்லை. இருப்பதிலேயே தடித்த முனையால் என் கணவர் தொட்டியில் நாற்றுக்குக் குழி குத்துகிறார்.