1995இல் நெட்ஸ்கேப் முன் இருந்த நான்கு வழிகள்: ஸ்கீம், ஜாவா, பைத்தான் அல்லது புது மொழி

வலைப்பக்கங்களில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் என்று பேச்சு எடுத்தாலே "பத்து நாளில் அவசரமாகக் கட்டியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பத்து நாள் என்பது உண்மைதான். 1995 மே மாதம், நேவிகேட்டர் பிரவுசரைத் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் தனியாளாக அந்த நாட்களில் எழுதி முடித்தது மோக்கா என்ற முதல் மாதிரி. ஆனால் வேறு எதைத் தேர்ந்திருக்க முடியும், அது தேறியிருக்குமா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த முடிவு எவ்வளவு சரி என்பது புரியும்.

தேவை மிகத் தெளிவானது. அப்போதைய வலைப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால்கூட, தகவல் சர்வர்வரை போய், அங்கே ஒரு நிரல் ஓடி, பிழைச்செய்தியோடு முழுப்பக்கமும் மோடம் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்தச் சோதனையைப் பிரவுசருக்குள்ளேயே முடிக்க ஒரு மொழி வேண்டும். ஹெச்டிஎம்எல் மட்டும் தெரிந்தவரும் அதைப் பக்கத்துக்குள்ளேயே நேராக எழுத முடிய வேண்டும்.

ஸ்கீம்தான் முதல் திட்டம். 1995 ஏப்ரலில் ஐக் வேலைக்குச் சேர்ந்ததே "பிரவுசருக்குள் ஸ்கீம்" என்ற பேச்சின் பேரில்தான். எம்ஐடியில் 1975இல் பிறந்த மொழி. இலக்கணம் மிகச் சிறியது, இன்னொரு மென்பொருளுக்குள் பொருத்துவது எளிது, ஃபங்ஷனை ஒரு மதிப்பாகவே கையாளலாம். தொழில்நுட்பத்தில் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. அதை வீழ்த்தியது வணிக ஒப்பந்தம். மே மாதம், ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனத்தோடு கைகோத்து ஜாவாவைப் பிரவுசரில் சேர்ப்பதாக நெட்ஸ்கேப் அறிவித்தது. அதன்பின் வந்த கட்டளை: புது மொழி பார்வைக்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும். அடைப்புக்குறிகளாலேயே ஆன ஸ்கீமுக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் ஜாவாவே போதாதா? நிறுவனத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி இருந்தது. ஆப்லெட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) எழுத முதலில் ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) வேண்டும், மாறிகளுக்கு வகை சொல்ல வேண்டும், கம்பைல் செய்து கிடைத்த கோப்பைத் தனியாகச் சர்வரில் ஏற்ற வேண்டும். பக்கம் திறந்ததும் ஜாவா இயந்திரம் உயிர்பெறும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஆப்லெட் தன் செவ்வகத்துக்குள்தான் வரையும். பக்கத்தில் இருக்கும் படிவத்தைத் தொடாது. விண்டோஸ் 3.1க்கான நேவிகேட்டர் 2இல் ஜாவா ஓடவே இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் ஓடியது. ஒரு கட்டம் காலியா என்று பார்க்க ஜாவா மிகையான ஏற்பாடு.

பைத்தான், பெர்ல், டிசிஎல் மூன்றும் அப்போதே புழக்கத்தில் இருந்தன. மூன்றாலும் கோப்பைத் திறக்கவும் கட்டளைகளை ஓட்டவும் முடியும். முகம் தெரியாதவர் எழுதிய நிரலை இன்னொருவர் கணினியில் ஓட்டுமுன் அந்த வாசல்களையெல்லாம் அடைத்தாக வேண்டும். பைத்தானுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டிய நிரல் ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள், இரட்டை மேற்கோளுக்கு நடுவே, ஒரே வரியில் உட்கார வேண்டும். உள்தள்ளலையே இலக்கணமாக வைத்திருக்கும் மொழியில் ஒரு "இல்லையென்றால்" கிளையைக்கூட அங்கே எழுத முடியாது. நெளிவு அடைப்பும் அரைப்புள்ளியும் உள்ள மொழிக்கு அது பிரச்சினையே இல்லை.

ஆக, மிஞ்சியது புது மொழி. வெளித்தோற்றம் ஜாவாவிடமிருந்து, ஃபங்ஷன்கள் ஸ்கீமிடமிருந்து, கிளாஸ் இல்லாமல் ஒரு ஆப்ஜெக்ட் இன்னொன்றிடமிருந்தே பண்புகளைப் பெறும் புரோட்டோடைப் முறை செல்ஃப் மொழியிடமிருந்து. செப்டம்பர் பீட்டாவில் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பர் 4 அறிவிப்பில் ஜாவாஸ்கிரிப்ட். கட்டளைக்குப் பணிந்த தோலுக்கு உள்ளே, ஐக் முதலில் விரும்பிய ஸ்கீமின் உயிர்நாடி தப்பிவிட்டது. இன்று நாம் எழுதும் கால்பேக் (பிறகு அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்) ஒவ்வொன்றும் அந்தச் சொத்துதான்.

இனி குறைகள். எல்லாவற்றையும் பத்து நாள் மேல் போடுவது நியாயமில்லை. அவசரத்தில் வந்தது, ஜாவாவைப் பார்த்து வந்தது, கேட்டதால் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நல் (null, "எதுவும் இல்லை") மதிப்பின் வகையைக் கேட்டால் "ஆப்ஜெக்ட்" என்று பதில் வருவது முதல் வகை. மொழியை ஓட்டும் ஆரம்பகால எஞ்சினில் ஒவ்வொரு மதிப்பும் 32 பிட். கடைசி சில பிட்கள் வகையைச் சொல்லும் அடையாளம். ஆப்ஜெக்டுக்கு அடையாளம் 000. நல் என்பதோ எல்லாப் பிட்டும் சுழியமான பாயின்டர் (நினைவக முகவரி). எனவே அதன் கடைசிப் பிட்களும் 000. மதிப்பு நல்தானா என்று முன்கூட்டியே ஒரு சோதனை வைத்திருந்தால் போதும், அது விடுபட்டுவிட்டது.

தேதி இரண்டாம் வகை. ஜாவாவின் தேதி கிளாஸை அப்படியே பெயர்த்தார்கள். அதனால்தான் ஜனவரி 0. ஆண்டைக் கேட்டால் 1900ஐக் கழித்துச் சொல்லும். முன்னால் "19" ஒட்டிய பக்கங்கள் 2000 பிறந்ததும் 19100 என்று காட்டின. ஜாவா 1997லேயே அந்த மெத்தட்களை ஒதுக்கி வேறு கிளாஸுக்கு மாறிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டின் அந்தத் தேதி ஆப்ஜெக்டில் மாத எண் இன்றும் 0இலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவது, இரு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் == குறி. எண்ணையும் எழுத்துச்சரத்தையும் தானாக மாற்றி ஒப்பிடும் வசதி, மாதிரி தயாரான பிறகு உள்ளே பயன்படுத்தியவர்கள் கேட்டுச் சேர்ந்தது. விளைவு: 0 == "" உண்மை, 0 == "0" உண்மை, ஆனால் "" == "0" பொய். நேவிகேட்டர் 4இல் ஜாவாஸ்கிரிப்ட் 1.2 என்று குறித்த நிரல்களுக்கு மட்டும் இந்தத் தானியங்கி வகைமாற்றத்தை நெட்ஸ்கேப் நீக்கிப் பார்த்தது. ஆனால் 1996 ஆகஸ்டிலேயே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்புளோரர் 3, ஜாவாஸ்கிரிப்டைப் பார்த்து எழுதிய தன் ஜேஸ்கிரிப்டோடு வந்துவிட்டது. 1997 ஜூனில் வெளியான, இந்த மொழிக்கான எக்மா-262 தரமும் பழைய நடத்தையையே எழுதி வைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் 1.3இல் நெட்ஸ்கேப் பின்வாங்கியது. மாற்றாமல் ஒப்பிடும் === குறி 1999 டிசம்பரில், தரத்தின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. புதிதாக எழுதும் நிரலில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.