‘முடிவானதும் தெரிவிக்கப்படும்’: இணைப்புக்கால ஊழியர் உதவிச் சேவை குறித்து

நான் வேலை செய்யும் நிறுவனம் அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றுடன் இணையப்போவதாக அறிவிப்பு வந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. அறிவிப்பு வந்த வாரமே, ஊழியர்களின் ஐயங்களைத் தீர்ப்பதற்கென்று வெளி ஆலோசனை நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் தனிச் சேவை தொடங்கப்பட்டது. கேள்வி அனுப்ப ஓர் இணையதளம், மாதம் ஒரு பொதுக்கூட்டம், மனநல ஆலோசகருடன் பேச ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மூன்றையும் பயன்படுத்திய பிறகே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன்.

இணையதளத்தில் நான் முதலில் கேட்டது, என் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் முன் எங்கள் அலுவலகம் இதே இடத்தில் இருக்குமா என்பதை அறிந்துகொள்ள முடியுமா என்பதுதான். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: ‘இடம் குறித்து இன்னும் முடிவெடுக்கப்படவில்லை; முடிவானதும் தெரிவிக்கப்படும்.’ என் பக்கத்து இருக்கைக்காரர் பதவி உயர்வைப் பற்றிக் கேட்டிருந்தார். ‘இடம்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘பதவி’ என்று மாற்றப்பட்டிருந்ததைத் தவிர, அவருக்கு வந்த பதிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே. அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் பிரிவில் பெரும்பாலோர் அங்கே கேள்வி அனுப்புவதில்லை; தேநீர் இடைவேளையில் காதில் விழுவதைத்தான் நம்புகிறார்கள்.

முடிவு தெரியாது என்பதல்ல என் குறை. இரு நிறுவனங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் கிடைக்கும்வரை தனித்தனியாகவே இயங்க வேண்டும் என்பதும், அதற்கு முன்பே ஒன்றாகச் செயல்படத் தொடங்கினால் பெரும் அபராதம் விதிக்கப்படலாம் என்பதும் பல நாடுகளின் போட்டிச் சட்டத்தில் உள்ளவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய இணைப்புகளை ஆராயும் ஐரோப்பிய ஆணையம் முதற்கட்ட ஆய்வுக்கே 25 வேலை நாட்களை எடுத்துக்கொள்ளலாம். ஆழ்ந்த விசாரணைக்குச் சென்றால் மேலும் 90 வேலை நாட்கள், தேவைப்பட்டால் அதற்கு மேலும் நீட்டிப்பு. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களான டி-மொபைல், ஸ்பிரிண்ட் ஆகியவற்றின் இணைப்பு 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2020 ஏப்ரலில்தான் நிறைவேறியது. 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட குரோகர், ஆல்பர்ட்சன்ஸ் என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடி நிறுவனங்களின் இணைப்போ 2024 டிசம்பரில் நீதிமன்றத் தடையால் நடக்காமலே போயிற்று. இவற்றையெல்லாம் நானே தேடிப் படித்தேன். எந்த ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம், அது எப்போது வரக்கூடும், வராமலே போனால் நம் நிலை என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், மேலிடம் எதையோ மறைக்கிறது என்ற எண்ணத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

அதைவிட வருத்தம் தருவது, இணைப்பு எப்படி முடிந்தாலும் இன்றே சொல்லிவிடக்கூடியவற்றைக்கூடச் சொல்லாததுதான். ஆட்குறைப்பு நேர்ந்தால் இப்போதைய பணி ஒப்பந்தப்படி எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு, சேர்ந்திருக்கும் விடுப்புக்குப் பணம் உண்டா என்பவை ஏற்கெனவே கையெழுத்தாகிய தாள்களில் இருக்கின்றன. எதிர்காலத்தைக் கணிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே! இதற்கிடையில், விலகிச் சென்ற நால்வரின் இடங்கள் நிரப்பப்படாமல், அவர்களின் வேலை மீதமிருக்கும் ஆறு பேரின் தலையில் விழுந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டாலும் அதே ‘முடிவானதும்’ பதில்தான்.

மாதக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்கூட்டித் தேர்ந்தெடுத்த கேள்விகளை மட்டும் வாசிக்கிறார்கள்.

தொலைபேசி ஆலோசனைதான் அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கும் காரணம். தூக்கம் வராத ஓர் இரவு அழைத்தபோது, மறுமுனையில் இருந்த பெண்மணி அவசரப்படுத்தாமல் நாற்பது நிமிடம் கேட்டார். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்ற பொய்யான ஆறுதலையும் சொல்லவில்லை. மாறாக, ஆறு மாதச் செலவுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வைத்தார். அன்றிரவே வாடகை ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பதில் ஓராண்டுக்குப் புதுப்பிக்க முடிவு செய்தேன்.

இதே சேவையை அமர்த்த நினைக்கும் நிறுவனங்கள் தொலைபேசி ஆலோசனையை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். இணையதளத்தையும் எடுப்பதென்றால், ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நாளுக்குள் பதில், அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பிரிவைச் சேர்ந்த ஒருவர், இணைப்பு நடந்தால் தம் மகப்பேறு விடுப்பு இப்போதுள்ளபடியே தொடருமா என்று கேட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. பதில் வரவில்லை, அவருக்கு அடுத்த மாதம் பிரசவம்.